சீனக்குடா, ஓகஸ்ட் 1944: பி-29 புறப்பட்ட ஓடுபாதையும் அதன் கணக்கும்

#1 கொள்ளிடக்கரை

1944 ஆகஸ்டில் அமெரிக்கப் பி-29 குண்டுவீச்சு விமானங்கள், ஜப்பானியர் கையிலிருந்த சுமத்ராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கியதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், அவை சீனாவிலிருந்து கிளம்பியதாகவே எழுதிவிடுகிறார்கள். வரைபடத்தில் அளந்தால் இடிக்கிறது. செங்டுவிலிருந்து பாலம்பாங் நேர்கோட்டில் 2,300 மைல் வருகிறது. போய்த் திரும்ப 4,600. எந்தக் கணக்கிலும் அந்தக் காலத்துப் பி-29க்கு எட்டாத தூரம். அவை கிளம்பியது இலங்கையின் திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்துதானே? அப்படியானால் அந்த ஓடுதளம் எப்போது, எவ்வளவு நீளத்துக்குப் போடப்பட்டது, அந்த ஒரு இரவுக்குப் பிறகு பி-29 ஏன் அங்கே திரும்பி வரவில்லை? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "சாகசம்" மாதிரி வேண்டாம், எண்களோடு வேண்டும்.

#2 சந்தி_சீனக்குடா

சீனக்குடாதான், ஐயமே இல்லை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், அந்த விமானங்கள் இருந்த 20ஆவது குண்டுவீச்சுக் கட்டளையகத்துக்கு இரண்டு முனை இருந்தது. நிரந்தரத் தளங்கள் வங்காளத்தில், கரக்பூரைச் சுற்றி. முன்னணித் தளங்கள் சீனாவில், செங்டுவைச் சுற்றி. ஆங்கிலக் குறிப்புகளில் "சைனா பே" என்று வருவதைப் "பே" இல்லாமல் படித்தால் சீனா ஆகிவிடும். இன்னொரு பொறியும் இருக்கிறது: அதே இரவு, ஓகஸ்ட் 10-11, செங்டுவிலிருந்து வேறு பி-29கள் நாகசாகிக்குப் போயின. ஆகவே "அன்றிரவு சீனாவிலிருந்து பி-29 புறப்பட்டது" என்பதும் உண்மை, ஆனால் அவை போனது கிழக்கே.

இடம் தெரியாதவர்களுக்கு: திருகோணமலை நகரத்துக்குத் தென்மேற்கே, உள்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் நடுவில் உள்ள தரை. கொழும்பு வீதியும் கல்லோயாவிலிருந்து வரும் ரெயில் பாதையும் பக்கத்திலேயே போகின்றன. வடக்குப் பக்கக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல்: இங்கே "குதம்" என்றால் கிடங்கு, "தாங்கி" என்றால் நீங்கள் சொல்லும் தொட்டி.

ஓடுபாதை, குடா, தாங்கிகள், ரெயில், ஆழத் துறைமுகம் எல்லாம் சில மைலுக்குள். சீனக்குடாவைத் தெரிவு செய்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

#3 கோடும்_அளவும்

கட்டுமானப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

1944 மார்ச்சில் இலங்கையில் பி-29க்காக வேலை தொடங்கியபோது திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள் இருந்தன. மின்னேரியாவும் சீனக்குடாவும் முன்னணியில். எல்லாவற்றையும் குறித்த காலத்தில் முடிக்க முடியாது என்று தெரிந்ததும் ஏப்ரலில் சீனக்குடா ஒன்றிலேயே கையைக் குவித்தார்கள். ஜூலை நடுப்பகுதிக்குள் 7,200 அடி ஓடுதளம், 56 விமானங்களுக்கான நிறுத்தத் தரைகள், எரிபொருள் வழங்கும் குழாய் அமைப்பு ஆகியவை தயாராகின. 7,200 அடி என்றால் 2,195 மீட்டர். இன்றைய ஓடுதளம் சுமார் 2,400 மீட்டர், திசை 06/24, அதாவது தோராயமாக வடகிழக்கு-தென்மேற்கு.

ஓடுதளத்தின் நீளத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நிறுத்தத் தரையை யாரும் பேசுவதில்லை. பி-29இன் இறக்கை விரிவு 141 அடி. 56 விமானங்களை இறக்கை நுனியோடு நுனி முட்ட வரிசையாக வைத்தாலே 7,900 அடி வருகிறது, ஓடுதளத்தைவிட நீளம். அப்படி வைக்க முடியாது. ஒன்று தீப்பிடித்தால் அடுத்ததும் போகும், இழுவை வண்டியும் எரிபொருள் வண்டியும் நடுவில் புகுந்து வர வேண்டும். ஆகவே தனித்தனித் தரையும் அவற்றை ஓடுதளத்தோடு இணைக்கும் நகர்பாதையும் போட்டாக வேண்டும். தளவேலையில் மண்ணையும் கல்லையும் அதிகம் விழுங்குவது பல சமயம் இதுதான்.

அடுத்தது சக்கரச் சுமை. முழுப் பாரத்தில் விமானம் ஏறத்தாழ 1,35,000 பவுண்டு. இரண்டு முதன்மைக் கால்கள், ஒவ்வொன்றிலும் இரட்டைச் சக்கரம். மூக்குச் சக்கரம் ஒரு சிறு பங்கைத் தாங்க, ஒவ்வொரு முதன்மைக் காலுக்கும் சுமார் 60,000 பவுண்டு, ஒரு டயருக்கு 30,000. சின்ன விமானங்களுக்குப் போட்ட தரை இதற்கு நிற்காது. அதிலும் ஓடுகிற விமானத்தைவிட நிற்கிற, மெதுவாக நகர்கிற விமானம்தான் தரையை அதிகம் கெடுக்கும். ஓடும்போது வேகம் ஏற ஏற இறக்கை பாரத்தை வாங்கிக்கொள்ளும். நிற்கும்போது முழுப் பாரமும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காரும். அதனால்தான் முதலில் அமுங்குவது நிறுத்தத் தரையும் நகர்பாதையும், ஓடுதளத்தில் என்றால் விமானம் திரும்பி நிற்கிற முனையும்.

கரையோரத் தளத்தில் இன்னொரு கெடுதல் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருப்பதால் அடித்தரை ஈரம் பிடித்துத் தாங்குதிறனை இழக்கும். கிழக்குக் கரையில் பெருமழை அக்டோபர் முதல் ஜனவரி வரை. மார்ச் முதல் ஜூலைக்குள் வேலையை முடித்தது தாக்குதல் தேதிக்காக மட்டுமில்லை, மண்வேலைக்கு ஏற்ற மாதங்களும் அவைதான்.

#4 நாலு_எஞ்சின்

7,200 அடி போதுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. கரக்பூரில் 7,500. பின்னாளில் தினியன் தீவின் வடதளத்தில் நான்கு ஓடுதளங்கள், ஒவ்வொன்றும் 8,500. சீனக்குடா இவற்றில் குட்டை.

ஆகஸ்ட் பிற்பகல், கடல்மட்டம், 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி நியம நிலையைவிட ஆறு ஆறரை சதவீதம் குறையும். விமானத்துக்கு அது சுமார் 2,400 அடி உயரத்தில் உள்ள தளத்திலிருந்து எழும்புவது போல. எஞ்சின் விசையும் குறையும், இறக்கையின் தூக்கும் திறனும் குறையும், இரண்டும் ஒரே திசையில் அடிக்கும். கைகொடுப்பது எதிர்க்காற்று மட்டும்.

எஞ்சினோ ரைட் ஆர்-3350. பதினெட்டு சிலிண்டர் இரண்டு வரிசையாக, ஒவ்வொரு எஞ்சினும் 2,200 குதிரைத்திறன். பின் வரிசைச் சிலிண்டர்களுக்குக் குளிர்காற்று சரியாகப் போய்ச் சேராது. தரையில் நின்றபடி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே சூடு எல்லையைத் தொடும். எஞ்சின் உறையின் பின்விளிம்புத் தடுப்புகளை முழுக்கத் திறந்தால் குளிரும், ஆனால் இழுவிசை கூடி ஓட்டம் நீளும். மூடினால் ஓட்டம் சரியாக இருக்கும், சிலிண்டர் வேகும். வால்வு உடைந்து எஞ்சின் தீப்பிடித்தால் எஞ்சின் பெட்டியின் பின்பகுதியில் இருக்கும் மக்னீசியக் கலவையும் பற்றிக்கொள்ளும், அதை அணைப்பது கடினம். இப்படிப்பட்ட எஞ்சினோடு 54 விமானங்களை வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசியில் நிற்பவர் எஞ்சினை எப்போது உசுப்புவது என்பதே தனிக் கணக்கு.

#5 சந்தி_சீனக்குடா

நாலு எஞ்சின் அண்ணை சொன்ன எதிர்க்காற்றுக்கு உள்ளூரில் பெயர் இருக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை இந்தக் கரையில் அடிக்கிற தென்மேல் காற்றைக் கச்சான் என்போம். காய்ந்த காற்று, பின்னேரத்தில் வலு பலம். ஓடுபாதை 06/24 என்பதால் தென்மேற்கு நோக்கி ஓடினால் கச்சான் ஏறத்தாழ முகத்துக்கு நேரே வரும்.

அன்று புறப்பாடு தொடங்கியது பின்னேரம் 4.45 அளவில். முந்தைய நாள் வங்காளத்திலிருந்து வந்திறங்கியவை 56, புறப்பட்டவை 54. ஒன்று எஞ்சின் கோளாறால் முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்து இறங்கியது. அதை இரண்டு மணி நேரத்துக்குள் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள், அது இலக்கில் குண்டும் போட்டது.

நேரக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. 1942 செப்டம்பர் முதல் 1945 ஒக்டோபர் வரை இலங்கை நேரம் கிரீன்விச்சிலிருந்து ஆறரை மணி நேரம் முன்னால். 1942 ஏப்ரலில் ஆறு மணி நேரம். ஜப்பானியக் கடற்படைக் குறிப்புகள் தோக்கியோ நேரத்தில், ஒன்பது. இதைக் கவனிக்காமல் இரண்டு நாட்டுக் குறிப்புகளை ஒட்டினால், விமானம் புறப்படும் முன்பே சுடப்பட்ட மாதிரி வரும்.

#6 கொள்ளிடக்கரை

அருமை. இப்போது தூரம். 3,855 மைல் என்றும் 4,030 மைல் என்றும் இரண்டு எண் பார்க்கிறேன். எது சரி? குண்டுச் சுமை ஒரு டன் மட்டும் என்பது உண்மையா? பி-29 பத்து டன் தூக்கும் என்பார்களே.

#7 நாலு_எஞ்சின்

3,855 என்பது திட்டமிட்ட பாதையின் நீளம்: சீனக்குடாவிலிருந்து சுமத்ராவின் மேற்கே சிபெரூட் தீவு, அங்கிருந்து பாலம்பாங், பிறகு திரும்புதல். நேர்கோடு ஒரு வழிக்கு 1,800 மைல்தான் வரும். இரவில் கடலுக்கு மேல் மணிக்கணக்கில் பறந்து வருபவருக்குக் கரையில் சந்தேகமில்லாத ஓர் அடையாளம் தேவை, அதற்காகத் தீவைத் தொட்டுப் போனார்கள். 4,030 எழும்பியதிலிருந்து இறங்கும்வரை பறந்த தூரமாகச் சொல்லப்படுவது. இலக்கு தேடுதல், மேகம் சுற்றுதல் எல்லாம் அதில் சேரும். இரண்டுமே தரை மைல். கடல் மைலாக எடுத்துக்கொண்டால் 15 சதவீதம் தவறிப்போவீர்கள்.

ஒரு டன் என்பது உண்மை. ஏன் என்று தோராயமாகப் போட்டுப் பாருங்கள்:

வெற்று விமானம் 74,500 பவுண்டு. எழும்பும் பாரம் 1,35,000. மிச்சம் 60,500. பதினொரு பேரும் அவர்கள் உடைமையும் 2,500. எஞ்சின் எண்ணெய் 2,500. துப்பாக்கிக் குண்டு, ஆக்சிஜன், மிதவைப் படகு, மற்றவை என்று 5,000 வையுங்கள். குண்டு 2,000. மிஞ்சுவது 48,500 பவுண்டு. விமானப் பெட்ரோல் அமெரிக்கக் காலனுக்கு 6 பவுண்டு. ஆக ஏறத்தாழ 8,000 காலன்.

3,855 மைலை 8,000ஆல் வகுத்தால் காலனுக்கு அரை மைலுக்கும் கீழே, 0.48. அதாவது சராசரி 0.48க்குக் கீழே போனால் கடலில். நன்றாகப் பராமரித்த விமானம், கவனமான எஞ்சினியர், சீரான வேகம் என்றால் 0.53 வரை எதிர்பார்க்கலாம். அப்போது செலவு 7,270, கையில் 700 காலன். அதுவே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்பு. இதில் ஒரு எஞ்சின் நின்றால், பாதை தவறினால், இலக்கின் மேல் இரண்டாம் சுற்றுப் போனால், அந்த இரண்டு மணி நேரம் கரைந்துவிடும்.

இப்போது இன்னொரு டன் குண்டு ஏற்றினால் 333 காலன் இறக்க வேண்டும். கையிருப்பு பாதியாகும். ஆகவே ஒரு டன். இதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்ததில்லை.

பிரிட்டிஷ் குறிப்பில் "காலன்" என்று வந்தால் அது இம்பீரியல், அமெரிக்கக் காலனைவிட 20 சதவீதம் பெரிது. சீனக்குடா பிரிட்டிஷ் தளம், விமானம் அமெரிக்கருடையது. ஒரே குறிப்பில் இரண்டும் கலந்து வரும், எது எவருடையது என்று பார்த்தே எழுதுங்கள்.

#8 கோடும்_அளவும்

அந்தக் கணக்கில் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில் மணிக்கு 200 மைல் என்றால் ஒரு வழி 1,928 மைலுக்கு 9 மணி 38 நிமிடம். மேல்காற்று 20 மைல் என்றால் போகும்போது 220, சுமார் 8 மணி 46 நிமிடம். திரும்பும்போது 180, சுமார் 10 மணி 43 நிமிடம். மொத்தத்தில் கூடுவது 13 நிமிடம்தான். ஆபத்து அந்த 13 நிமிடத்தில் இல்லை. இலக்கை அடையும்போது பெட்ரோல் அளவைப் பார்த்தால் திட்டத்தைவிட மிச்சமாக இருப்பதுபோல் தெரியும். அந்த மிச்சத்தை நம்பி இலக்கின் மேல் சுற்றியவர், திரும்பும் வழியில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டியிருப்பதை இந்தியப் பெருங்கடலின் நடுவில்தான் உணர்வார்.

கடல் நடுவில் வானிலை நிலையம் கிடையாது. சுமத்ரா எதிரி கையில். காற்றின் முன்கணிப்பு கரையிலிருந்து போட்ட ஊகமே.

#9 வன்னிக்காற்று

கடலில் விழுவார்கள் என்று எதிர்பார்த்தே ஏற்பாடு செய்திருந்தார்கள். பாதை நெடுகப் பிரிட்டிஷ் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் நின்றன: குரூசர் சிலோன், நாசகாரி ரிடவுட், நீர்மூழ்கிகள் டெராப்பின், டிரென்சன்ட். திரும்பும்போது ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து சீனக்குடாவுக்கு 90 மைல் தூரத்தில் கடலில் இறங்கியது. ஒரு சுடுநர் இறந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

விளைவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலம்பாங்கை எட்டியவை 39. அவற்றில் 31 அங்குள்ள பிளாஜு எண்ணெய் ஆலைமேல் குண்டு போட முயன்றன. மேகம், ஜப்பானியரின் விளக்கணைப்பு, கோளாறான ரேடார்க் குறி. பின்னர் எடுத்த படங்களில் உறுதியாக அழிந்ததாகத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம். மற்ற 8 விமானங்கள் மூசி ஆற்றுக்கு மேல், மேகத்துக்குக் கீழே, 1,000 அடிக்கும் தாழப் பறந்து ஆளுக்கு இரண்டாக 16 கண்ணிகளை (கப்பல் நெருங்கினால் வெடிக்கும் நீரடிக் குண்டுகள்) ஆற்றில் போட்டன. அவை விழுந்த இடம் துல்லியம். கண்ணியில் மூன்று கப்பல்கள் மூழ்கின, நான்கு சேதமடைந்தன, கண்ணி அகற்றும்வரை ஆற்றுப் போக்குவரத்து ஏறத்தாழ ஒரு மாதம் நின்றது.

தேடுபவர்களுக்கு: பழைய டச்சு எழுத்தில் பிளாஜுவின் நடுவில் "டி"யும் "ஜே"யும் வரும், மூசியில் "ஓ"வும் "ஈ"யும் வரும். இன்றைய இந்தோனேசிய எழுத்தில் தேடினால் பாதிக் குறிப்பு கண்ணில் படாது.

#10 கொள்ளிடக்கரை

ஒரு சின்ன இடைச்செருகல், மன்னியுங்கள். இந்த மூசிக் கரைப் பாலம்பாங்தான் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் ஸ்ரீவிஜயம். அன்றும் ஆற்று வாயை வைத்திருந்தவன் கையில்தான் வணிகம். 1944இலும் ஆலையைவிட ஆறே மர்ம இடமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் வன்னிக்காற்று, மொத்தத்தில் இது தோல்வியா வெற்றியா?

#11 நாலு_எஞ்சின்

நான் தோல்வி என்றே சொல்வேன். 54 விமானம், புதிதாகப் போட்ட ஓடுதளம், மாதக்கணக்கான வேலை, கடைசியில் ஒரு கட்டடம். 31 விமானம், ஆளுக்கு ஒரு டன், அதிகபட்சம் 31 டன். பெரிய சுத்திகரிப்பு ஆலை ஒன்றைப் பல வாரம் முடக்க வேண்டுமென்றால் அந்த அளவு துல்லியமாக, உயிர்நாடியான பகுதிகளில் விழ வேண்டும்: வடிகோபுரம், கொதிகலன், இறைப்பு நிலையம். இரவில், மேகத்தில், அன்றைய ரேடாரில் அது நடக்காத காரியம். எண்ணெய்த் தாங்கியில் விழுந்தால் பெரிதாக எரியும், ஆனால் தாங்கியை மாற்றிக்கொள்ளலாம்.

#12 வன்னிக்காற்று

ஆலையைப் பொறுத்தவரை தோல்வி. அதில் வாதமில்லை. ஆனால் பி-29 முதன்முதலாகக் கண்ணி விதைத்தது அன்றிரவு, சீனக்குடாவிலிருந்து. அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் மரியானாத் தீவுகளிலிருந்து ஜப்பானின் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் கண்ணி போடத் தொடங்கினார்கள். போர் முடிவதற்குள் 12,000க்கும் மேல். ஜப்பானின் கப்பல் போக்குவரத்தை நெரித்ததில் அதற்குப் பெரும் பங்கு. தாழப் பறந்து, இரவில், சில விமானங்களால் ஓர் ஆற்றையே பூட்டலாம் என்பது மூசியில் காட்டப்பட்டது. குண்டு போட்ட 31ஐப் பார்க்கிறீர்கள், கண்ணி போட்ட 8ஐயும் பாருங்கள்.

பிளாஜு ஆலைக்கு என்ன ஆனது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். 1945 ஜனவரியில் பிரிட்டிஷ் பசிபிக் கப்பற்படை திருகோணமலையிலிருந்து சிட்னிக்குப் போகிற வழியில் அதைத் தாக்கியது. இல்லஸ்ட்ரியஸ், இன்டிஃபாட்டிகபிள், இன்டோமிட்டபிள், விக்டோரியஸ் என்று நான்கு விமானந்தாங்கிகள். 24ஆம் தேதி பிளாஜு, 29ஆம் தேதி ஆற்றின் அடுத்த பக்கத்துச் சுங்கை கெரோங். பகல் வெளிச்சத்தில், தேர்ந்தெடுத்த பகுதிகள்மேல் அவெஞ்சர் விமானங்கள் 500 பவுண்டுக் குண்டு போட்டன. இரண்டு ஆலைகளின் உற்பத்தியும் கடுமையாகச் சரிந்தது. இலக்கு ஒன்றே. விமானம் ஆலையிலிருந்து 1,900 மைலில் புறப்படாமல் கப்பல் தளத்திலிருந்து புறப்பட்டதுதான் வித்தியாசம். அந்தப் படைக்கும் சீனக்குடா தேவைப்பட்டது. 1944 முதல் அங்கே கடற்படை விமானப் பிரிவுக்குப் பாம்பாரா என்ற பெயரில் தனி நிலையம் இருந்தது. விமானந்தாங்கி துறைமுகத்துக்குள் நங்கூரமிடும் முன் விமானங்களைக் கரைக்கு அனுப்பிவிடும். நிற்கும் கப்பலிலிருந்து அவை எழும்ப முடியாது, பயிற்சியும் பழுதுபார்ப்பும் கரையில்தான். ஆகவே "ஒரே இரவுக்காகக் கட்டிய தளம்" என்பது பி-29க்கு மட்டுமே பொருந்தும்.

#13 நாலு_எஞ்சின்

கண்ணி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். "31ஐ மட்டும் பார்த்தால் தோல்வி" என்று என் பதிலைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பி-29 திரும்பி வராததற்கு எண்களே போதும். கரக்பூரிலிருந்து பாலம்பாங் நேர்கோட்டில் 2,100 மைல், சீனக்குடாவிலிருந்து 1,800. 300 மைல் மிச்சம் பிடிக்க ஆட்களையும் கருவிகளையும் இலங்கைக்கு நகர்த்தி, மறுபடி திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமை ஒரு டன்னுக்கு மேல் ஏறாது. அதே ஆகஸ்டில் தினியனும் குவாமும் அமெரிக்கர் கைக்கு வந்துவிட்டன. அங்கிருந்து டோக்கியோ 1,500 மைல். அக்டோபர் தொடக்கத்திலேயே சீனக்குடாவைப் பி-29க்குப் பயன்படுத்துவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

#14 கொள்ளிடக்கரை

ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய 1942 ஏப்ரல் 9 பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள். குதத்தில் ஜப்பானிய விமானி ஒருவர் வேண்டுமென்றே விமானத்தை மோதினார், "முதல் காமிகாசே" (தற்கொலைத் தாக்குதல்) என்று பல இடத்தில் இருக்கிறதே.

#15 சந்தி_சீனக்குடா

எரிந்து மடிந்து உருகிய இரும்பாகக் கிடக்கும் அந்தத் தாங்கி 91ஆம் இலக்கம். விமானம் மோதி நாட்கணக்கில் எரிந்ததென்பதுதான் இங்கே சொல்லப்படுவது. "வேண்டுமென்றே" என்பதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடிபட்டுக் கட்டுப்பாடிழந்த விமானமும் அதே தாங்கியில்தான் விழும். இரும்பைப் பார்த்து விமானியின் மனத்தைச் சொல்ல முடியாது. காமிகாசே என்ற பெயரில் படையாக அமைத்துத் தாக்கத் தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் லெய்ட்டேயில். இரண்டரை ஆண்டு முந்திய சம்பவத்துக்கு அந்தப் பெயரை ஒட்டுவது காலக்குழப்பம்.

தாங்கிகளின் கணக்கு: இப்போது நிற்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. கூட்டினால் 99 சரியாக வரும். கடற்படைக் கப்பல்களுக்கான உலை எண்ணெய்க்காகப் போருக்கு முன்பே பிரிட்டிஷார் கட்டியவை இவை. விமானப் பெற்றோல் இவற்றிலிருந்துதான் பி-29க்குப் போனது என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு எரிபொருள், வேறு ஏற்பாடு.

#16 வன்னிக்காற்று

ஏப்ரல் 9ஐச் சீனக்குடாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் வருவது ரேடார். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் தலைக்கு மேல் எதிரி வந்த பிறகே எழும்பின. திருகோணமலையில் காலை 7 மணியை ஒட்டி, 90 மைல் தூரத்திலேயே ரேடார் பிடித்துவிட்டது. 90 மைல் என்றால் அந்த வேகத்துக்கு அரை மணி நேரம். 261ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் 17, 273ஆவதின் ஃபுல்மார்கள் 6 எழும்பிவிட்டன. வந்தவை 91 கேட் குண்டுவீச்சு விமானமும் அவற்றுக்குக் காவலாகச் சுமார் 40 ஜீரோவும். ஹரிக்கேன் 8, ஃபுல்மார் 3 இழப்பு. எச்சரிக்கை கிடைத்தும் ஏன் இவ்வளவு? எண்ணிக்கை ஒன்று. ஜீரோவோடு சுற்றித் திரும்பிச் சண்டை பிடிப்பது இரண்டாவது: ஹரிக்கேனைவிட ஜீரோ குறுகிய வளைவில் திரும்பும். உயரத்திலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டுப் போய்விடுவதே வழி, அதற்கு முதலில் உயரம் ஏற வேண்டும். ஃபுல்மார் இரண்டு பேர் அமரும் கனமான விமானம், ஏற்றம் மெதுவு.

விமானந்தாங்கி ஹெர்மிஸ் முந்தைய மாலையே துறைமுகத்தை விட்டுப் போயிருந்தது. அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில் சீனக்குடாவில். மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்டுபிடித்துத் தாக்கியபோது கப்பலில் தன்னைக் காக்க ஒரு விமானமும் இல்லை. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கியது.

துறைமுகத்துக்குள் எரிந்த சாகைங் என்ற சரக்குக் கப்பலைப் பின்னர் இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். அதை 2018இல் இலங்கைக் கடற்படை மிதக்க வைத்து வெளியே எடுத்தது.

#17 கோடும்_அளவும்

துறைமுகம் என்றதும் இதையும் பக்கத்தில் வையுங்கள்: பி-29 கிளம்ப இரண்டு நாள் முன், 1944 ஆகஸ்ட் 8, அதே திருகோணமலையில் மிதக்கும் கப்பற்துறை ஒன்று வேலியன்ட் போர்க்கப்பலோடு உடைந்து மூழ்கியது. காரணம் கணக்குப் பிழை. மிதக்கும் துறை தன் நீர்த்தொட்டிகளைக் காலிசெய்து கப்பலைத் தூக்கும். போர்க்கப்பலின் பாரம் நீளம் முழுக்கச் சீராக இருக்காது, பீரங்கிக் கோபுரமும் வெடிமருந்தும் இருக்கும் இடத்தில் குவிந்திருக்கும். அன்று வெடிமருந்தும் நிறைந்திருந்தது. தொட்டிகளைக் காலிசெய்த வரிசை அந்தப் பாரப் பரவலுக்குப் பொருந்தவில்லை. துறையின் முனைகளில் தாங்க முடியாத விசை ஏறி முதுகு முறிந்தது. கப்பல் தப்பியது, ஆனால் சுழலிகளும் சுக்கானும் கெட்டுவிட்டன. பாரம் எங்கே உட்காருகிறது என்ற அதே கேள்விதான் #3இல் டயருக்கும் தரைக்கும் நடுவில் வந்தது.

#18 கொள்ளிடக்கரை

மற்ற தளங்கள்? பலாலியும் இந்தக் காலத்ததுதானே?

#19 வன்னிக்காற்று

ஆம். பலாலி அன்றைய குறிப்புகளில் காங்கேசன்துறை என்ற பெயரில் வரும். லிபரேட்டர் விமானங்கள் இருந்த தளம். 160ஆவது ஸ்குவாட்ரன் சிகிரியாவிலிருந்து காங்கேசன்துறைக்கும், பிறகு மின்னேரியாவுக்கும் நகர்ந்தது. 1945இல் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்வரை போய்க் கண்ணி போட்டார்கள், போய்வர 3,000 மைலுக்கு மேல். வவுனியாவில் பியூஃபோர்ட் ஸ்குவாட்ரன்கள். கொக்கலையில் கற்றலீனா நீர்விமானங்கள். 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு அறிவித்த விமானி பேர்ச்சல் புறப்பட்டது அங்கிருந்துதான். ஒவ்வொன்றுக்கும் தனி இழை வேண்டும், இங்கே திணிக்க வேண்டாம்.

சீனக்குடாவும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் 1957 ஒக்டோபரில் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டன, கட்டுநாயக்கா நவம்பரில். சீனக்குடாவில் இன்று விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி.

#20 நாலு_எஞ்சின்

ஒரு திருத்தம். #7இல் நான் "காலன் 8,000" என்றது பாரத்திலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. குண்டறையில் கூடுதல் தொட்டி மாட்டினால்தான் அந்த அளவு கொள்ளும். கூடுதல் தொட்டி குண்டு தொங்கும் இடத்தையே பிடிக்கும். ஆக, ஒரு டன் என்பதற்குப் பாரம் மட்டுமில்லை, இடமும் காரணம். விமானத்துக்கு இரண்டு குண்டறை, முன்னும் பின்னும். எரிபொருளை ஒரு பக்கமே குவித்தால் நிறைமையம் நகரும். ஆகவே எந்தத் தொட்டியிலிருந்து முதலில் எடுப்பது என்ற வரிசையையும் எஞ்சினியர் கையில் வைத்திருக்க வேண்டும்.

#21 சந்தி_சீனக்குடா

பார்க்க வருகிறவர்களுக்கு நடைமுறை: ஓடுபாதை விமானப்படை வளாகத்துக்குள். எண்ணெய்க் குதப் பக்கமும் அனுமதி கேட்டே போக வேண்டும். வீதியில் நின்று வேலியை நோக்கிப் படம் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் பார்க்கக்கூடியது நிலாவெளி வீதியில் உள்ள போர்க்கால மயானம். 1942 ஏப்ரலில் இறந்தவர்களைத் தேடுகிறவர்கள் கற்களில் 9ஆம் தேதியைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாலே போதும்.

செய்மதிப் படத்தில் பார்ப்பவர்கள் ஓடுபாதையை மட்டும் பார்க்காதீர்கள். அக்கா #3இல் சொன்னபடி அதைச் சுற்றி வடிவாகப் பாருங்கள். காட்டுக்குள் காரணமில்லாமல் வளைந்து போகிற வெட்டை, ஒரே இடைவெளியில் கிளைக்கிற பாதை, மரம் சரியாக வளராத தரை. 141 அடிக்கு ஒரு கோல் வெட்டித் திரையில் வைத்துப் பாருங்கள். அதற்கு இடம் கொடுக்காத வெட்டையைப் பி-29க்கு உரியது என்று குறிக்க வேண்டாம்.

#22 கொள்ளிடக்கரை

நன்றி, நண்பர்களே. #10இல் "மர்ம இடம்" என்று அடித்தது தவறு, "மர்மஸ்தானம்" என்பதே நான் நினைத்தது. 06/24 திசையோடு அந்த 141 அடிக் கோலை வைத்து வரைபடம் ஒன்று தொடங்குகிறேன். முதலில் ஓடுதளத்தின் தென்மேற்கு முனை. குறித்ததும் இங்கே போடுகிறேன், கோடும் அளவும் அக்கா சரிபார்த்துச் சொல்லுங்கள்.